சாமியாராகப் போகிறவனுக்குத் தத்துவம் எதற்கு? பெரிய ஆல்பர்ட் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தங்கச்சிமடம் அக்கா:
எல்லோருக்கும் வணக்கம். என் தம்பி மகன் பன்னிரண்டாவது முடித்துவிட்டு, தொமினிக்கன் என்ற கத்தோலிக்கத் துறவற சபையில்தான் சேருவேன் என்று நிற்கிறான். அதில் எங்களுக்கு வருத்தமில்லை. ஆனால் பங்குச் சாமியாராகப் போகமாட்டானாம். புனித பெரிய ஆல்பர்ட் மாதிரி தத்துவம் சொல்லிக்கொடுத்தே காலத்தைக் கழிக்க வேண்டுமாம். எங்களுக்கு அந்தோணியாரைத் தெரியும், சூசையப்பரைத் தெரியும், ஓரியூர் அருளானந்தரைத் தெரியும். இந்த ஆல்பர்ட் யார்? தம்பி வல்லத்தில் மீன்பிடிக்கப் போகிறவன். "நாலு புத்தகம் படித்துவிட்டு வந்து நம்மையே முட்டாள் என்பான்" என்று பொருமிக்கொண்டிருக்கிறான்.

தேவகோட்டை வாசகன்:
அக்கா, குருவாகப் போகிற எல்லோரும் தத்துவம் படித்தே ஆக வேண்டும். இரண்டு முழு ஆண்டுகளாவது படிக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அப்புறம்தான் இறையியல். ஆல்பர்ட் ஜெர்மனிக்காரர், டான்யூப் கரையில் லாவிங்கன் என்ற ஊர். இறந்தது 1280 நவம்பர் 15, கொலோன் நகரில். திருநாளும் அதே தேதிதான். புனிதர் பட்டம் 1931இல்தான் கிடைத்தது.

மண்டபம் பெரியவர்:
தங்கச்சி, நான் மீன்துறை ஆராய்ச்சி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். விடியற்காலையில் இறங்குதளத்தில் நின்று, பலகையில் மீனைக் கிடத்தி மூக்கிலிருந்து வால் பிளவு வரை அளந்து எழுதுவதுதான் என் பிழைப்பு. அதனாலேயே எனக்கு இந்த மனிதர் மேல் தனிப் பிரியம்.

அவர் காலத்தில் அரிஸ்டாட்டிலின் இயற்கை நூல்கள் மேல் திருச்சபைக்குச் சந்தேகம். பாரிசில் 1210லேயே பாடம் நடத்தக்கூடாது என்று தடை போட்டிருந்தார்கள். ஆல்பர்ட்டும் தொமினிக்கன்தான்; அவரிடம் சபைச் சகோதரர்கள் வந்து, இது எங்களுக்குப் புரியவில்லை, விளக்கி எழுதுங்கள் என்று கேட்டார்கள். சுமார் 20 ஆண்டுகள் உட்கார்ந்து அத்தனை நூலுக்கும் விளக்கம் எழுதி முடித்தார். 1248இல் கொலோனில் சபையின் கல்விக்கூடத்தைத் தொடங்கினார். அங்கே அவரிடம் படித்தவர்தான் பின்னாளில் பெரிய இறையியல் அறிஞரான தாமஸ் அக்குவினாஸ். வாயே திறக்காத பையனை மற்றவர்கள் ஊமை எருது என்று கேலி செய்ய, இதன் முழக்கம் ஒருநாள் உலகமெல்லாம் கேட்கும் என்று ஆல்பர்ட் சொன்னதாகச் சொல்வார்கள். வகுப்பில் ஆல்பர்ட் நடத்திய ஒழுக்கவியல் பாடத்துக்குத் தாமஸ் எடுத்த குறிப்பு இன்றும் இருக்கிறது.

உன் தம்பி கேட்க வேண்டியது இனிமேல்தான். அரிஸ்டாட்டில் சொன்னால் சரி என்று இவர் விடவில்லை. விலங்குகள் பற்றிய பெரிய நூலில் மீனவர்களிடமும் திமிங்கலம் வேட்டையாடுகிறவர்களிடமும் கேட்டதாக எழுதுகிறார். நெருப்புக்கோழி இரும்பு தின்னும் என்று எல்லோரும் சொன்னபோது, இரும்பை எடுத்துப் பலமுறை அதன் முன்னால் போட்டுப் பார்த்தார். அது தொடவில்லை. கல்லையும் எலும்பையும் தின்றது என்று எழுதி வைத்தார். ஒரு வகை வாத்து மரத்தில் காய்க்கிறது என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். அது முட்டையிட்டதை நானே பார்த்தேன் என்றார்.

எங்கள் தளத்தில் ஒரு பெரியவர் இருந்தார். நண்டைக் கையில் எடுத்துப் புரட்டி, ஓட்டைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து. "இது வடகடல்" என்பார், அதாவது பாக் விரிகுடா. அடுத்தது. "இது தென்கடல்", அதாவது மன்னார் வளைகுடா. கொண்டுவந்த படகுக்காரனிடம் கேட்டால் அதேதான் சொல்வான். நாங்கள் அதை நோட்டில் எழுதிக்கொண்டோம். ஆல்பர்ட் அங்கே இருந்திருந்தால் எங்களுக்கு முன்னால் எழுதியிருப்பார். தத்துவம் படித்தவன் மீனவனை முட்டாள் என்பான் என்று பயப்பட இந்த ஆளிடம் ஒன்றுமில்லை.

பாம்பன் தமிழ்வாணி:
ஐயா, கொஞ்சம் மிகையாகப் போகிறீர்கள். நீலக்கல் கட்டியை ஆற்றும் என்றும் இதே ஆல்பர்ட்தான் எழுதினார். அவர் பெயரில் மந்திரப் புத்தகமெல்லாம் வந்ததே!

மண்டபம் பெரியவர்:
மந்திரப் புத்தகங்கள் வேறு யாரோ எழுதி அவர் பெயரை ஒட்டியது, அம்மா. நீலக்கல் அவர் எழுதியதுதான், நான் மறுக்கவில்லை. 13ஆம் நூற்றாண்டு மனிதர். அப்புறம், பாடம் சொல்லிக்கொடுத்தே காலத்தைக் கழிக்கலாம் என்று பையன் நினைக்கிறானே: சாகும்வரை வகுப்பிலேயே இருக்க அவரையும் விடவில்லை. சபையின் ஜெர்மனி மாநிலத் தலைவராக்கினார்கள், மடம் மடமாக நடந்தே போனார். 1260இல் ரேகன்ஸ்பர்க் நகரத்து ஆயராக, அதாவது பிஷப்பாக, ஆக்கினார்கள். அங்கேயும் குதிரை இல்லாமல் முரட்டுச் செருப்போடு நடந்ததால், செருப்பை வைத்தே ஊரில் பட்டப்பெயர். இரண்டே ஆண்டில் பதவியை விட்டு வந்துவிட்டார். பையனிடம் இதையும் சொல்லிவையுங்கள். சபையில் சேர்ந்தால் அனுப்புகிற இடத்துக்குப் போக வேண்டும்.

தங்கச்சிமடம் அக்கா:
எல்லோருக்கும் நன்றி. தம்பிக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். தாமஸ், அரிஸ்டாட்டில் எல்லாம் காதில் ஏறவில்லை. "திமிங்கலத்தைக் குத்தினால் கயிறு தாங்குமா?" என்று மட்டும் கேட்கச் சொன்னான்.

மண்டபம் பெரியவர்:
நல்ல கேள்வி! வால்ரஸ் என்று வடக்குக் கடலில் பெரிய தந்தம் வைத்த பிராணி உண்டு. அதன் தோலில் அறுத்த வார் பெரிய பாரத்தையும் தூக்கும், கொலோன் சந்தையில் எப்போதும் விற்கும் என்று ஆல்பர்ட் எழுதியிருக்கிறார். அதைப் பிடிக்கிற விதத்தையும் சொல்கிறார். பாறையில் அது தூங்கும்போது வால் பக்கத்துத் தோலைப் பிரித்து, கயிறு கோத்துப் பாறையில் கட்டிவிடுவார்களாம். பிறகு கல்லெறிந்து எழுப்பினால், தோலை விட்டுவிட்டுக் கடலில் பாயுமாம். இதை எந்த மீனவன் அவரிடம் அளந்துவிட்டானோ, தம்பியையே தீர்ப்புச் சொல்லச் சொல்லுங்கள்.