50-க்கு மேலே போனால் முன்பக்கம் ஊளைச் சத்தம், ஷோரூமில் "நார்மல்" என்கிறார்கள். வாரண்டி இன்னும் 2 மாதம்தான்

திருப்பூரான்:
வணக்கம். பெட்ரோல் ஹேட்ச்பேக், வாங்கி 22 மாதம், 31,400 கி.மீ. ஓடியிருக்கிறது. வாரண்டி 2 வருடம் அல்லது 40,000. ஒரு மாதமாக முன்பக்கத்திலிருந்து ஒரு சத்தம். 50-ஐத் தாண்டியதும் மெதுவாக ஆரம்பிக்கும், 80-ல் "ஊஊஊ" என்று பக்கத்தில் லாரி வருகிற மாதிரியே இருக்கும், இரண்டு தடவை கண்ணாடியில் திரும்பிப் பார்த்திருக்கிறேன், லாரி இல்லை. தினமும் அவிநாசி வழியாகக் கோவைக்கு வேலைக்குப் போகிறவன். பாட்டைச் சத்தமாக வைத்துவிட்டால் கேட்காது, ஆனால் எத்தனை நாளைக்கு.

ஷோரூமுக்கு இரண்டு முறை போய்விட்டேன். முதல் முறை, புகாரை வாங்கிப் பதிகிற சர்வீஸ் அட்வைசர் பின்னால் உள்ள தெருவில் 30-ல் ஒரு சுற்று ஓட்டிவிட்டு "சத்தமே இல்லையே சார்" என்றார். அடுத்த முறை "டயர் சத்தம்தான், எல்லா வண்டியிலும் இருக்கும்" என்று சொல்லி வாட்டர் வாஷ் செய்து கொடுத்தார்கள். இப்போது பளபளவென்று இருந்துகொண்டு ஊளையிடுகிறது. போன மழையில் ரயில்வே பாலத்துக்கு அடியில் தேங்கிய தண்ணீரில் ஒருமுறை இறக்கி ஓட்டினேன், அதனால் இருக்குமோ? வீல் கழன்று போகுமா என்று வீட்டில் பயப்படுகிறார்கள். வெளி மெக்கானிக்கிடம் காட்டலாமா?

ஸ்பானர் கை:
அண்ணா, நீங்க சொல்றதைப் பார்த்தால் வீல் பேரிங் (சக்கரத்தைத் தாங்கிச் சுழல விடுகிற பாகம்) மாதிரி இருக்கு. டயராகவும் இருக்கலாம், பிரித்துப் பார்க்க வழி இருக்கு. காலியான நேர் ரோட்டில் 60-ல் போகும்போது நியூட்ரலுக்குத் தள்ளுங்க. சத்தம் அப்படியே இருந்தால் எஞ்சின் பக்கம் இல்லை. அப்புறம் ஸ்டீயரிங்கை லேசாக இடது பக்கம் ஆட்டுங்க, வண்டியின் பாரம் வலது சக்கரத்தில் ஏறும், அப்போது சத்தம் கூடினால் வலது பேரிங். வலது பக்கம் ஆட்டிக் கூடினால் இடது. டயர் என்றால் ரோட்டுக்கு ரோடு சத்தம் மாறும், புதுத் தாரில் குறையும், சிமெண்ட் ரோட்டில் கூடும். முன் டயரைப் பின்னால் மாற்றிப் போட்டால் சத்தமும் பின்னால் போய்விடும்.

வெளியே காட்டலாம், ஆனால் எதையும் கழற்ற விடாதீங்க. லிப்டில் தூக்கி, ஒரு கையால் சக்கரத்துக்கு உள்பக்கம் இருக்கிற காயில் ஸ்பிரிங்கை (சுருள் ஸ்பிரிங்) பிடித்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றச் சொல்லுங்க. பேரிங் போயிருந்தால் உள்ளே மணல் கிடக்கிற மாதிரி ஸ்பிரிங்கில் நரநரவென்று கைக்குத் தெரியும். சக்கரம் நாளைக்கே கழன்று விழாது, ஆனால் மேலே கீழே பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிற நிலைக்கு வந்துவிட்டால் ஹைவேக்கு எடுத்துப் போகாதீங்க. தண்ணீர் உள்ளே போனாலும் பேரிங் கெடும், அது உண்மைதான்.

முன்னாள் அட்வைசர்:
7 வருடம் அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தவன், அதனால் நேராகவே சொல்கிறேன். உங்கள் இரண்டு ஜாப் கார்டையும் (வண்டியை விடும்போது புகாரைப் பதிந்து தருகிற தாள்) எடுத்துப் பாருங்கள், அதில் "ஜெனரல் செக்கப்" என்று மட்டும்தான் இருக்கும். அப்படியென்றால் கம்பெனியைப் பொறுத்தவரை நீங்கள் சத்தம் என்று புகாரே கொடுக்கவில்லை. 25-வது மாதத்தில் பேரிங் முழுசாகப் போனால் அப்போதுதான் முதல் தடவை வந்த மாதிரி பேசுவார்கள்.

இந்த முறை போகும்போது அட்வைசர் டைப் செய்வதைப் பக்கத்திலிருந்து பாருங்கள். "50-க்கு மேல் முன்பக்கம் தொடர் ஊளைச் சத்தம், வேகம் கூடக் கூடச் சத்தமும் கூடுகிறது, ஏற்கெனவே இரண்டு முறை சொல்லியாகிவிட்டது" என்று உங்கள் வார்த்தையிலேயே ஏற வேண்டும், கி.மீ. அளவோடு. பிறகு டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்கார வைத்து நீங்களே ஓட்டுங்கள், சத்தம் வருகிற வேகத்துக்கு. தெருவில் 30-ல் ஓட்டிப் பார்த்துவிட்டு "இல்லை" என்பது எங்கள் பழைய வித்தை, அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். சரியாகாமலே வண்டியைத் திருப்பிக் கொடுத்தால் கையெழுத்துக்கு மேலே "சத்தம் இன்னும் இருக்கிறது" என்று பேனாவால் எழுதிவிட்டுப் போடுங்கள், அன்றைக்கே கம்பெனி கஸ்டமர் கேருக்கு ஜாப் கார்டு எண்ணோடு மெயில். தண்ணீர் விஷயத்தை நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். கேட்டால் பொய்யும் சொல்ல வேண்டாம்.

வண்டிப்பித்தன்:
இவ்வளவு எதற்கு ப்ரோ? வெளியே பேரிங் வாங்கி மாட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள். ஷோரூமுக்கு மூன்று நாள் அலைந்தால் சம்பளம் போகாதா?

ஸ்பானர் கை:
பழைய வண்டி என்றால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். இப்போது வருகிற பல வண்டியில் ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற அமைப்பு) சென்சாருக்கான காந்த வளையம் பேரிங்கிலேயே இருக்கு, பேரிங்கைப் பக்கம் மாற்றித் திருப்பிப் போட்டால் மீட்டரில் ஏபிஎஸ் லைட் எரியும். பிரஸ்ஸில் வைத்து அழுத்தாமல் சுத்தியலால் தட்டி ஏற்றினால் புதுசும் சீக்கிரமே கத்தும். கூடவே வெளியில் பிரித்தார்கள் என்ற சாக்கு அவர்களுக்குக் கிடைச்சிடும்.

முன்னாள் அட்வைசர்:
கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டும் சரியாக வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதியுங்கள். அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடம் அவகாசம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய். ஒரு பேரிங்குக்கு அதுவரை போக வேண்டியிருக்காது.

திருப்பூரான்:
எல்லோருக்கும் நன்றி, 12 நாள் கழித்து வருகிறேன். நியூட்ரலில் சத்தம் மாறவில்லை, இடது பக்கம் ஆட்டினால் கூடியது. ஜாப் கார்டில் எழுதச் சொன்னதும் அட்வைசர் முகம் கொஞ்சம் மாறியது, ஆனால் எழுதினார். டெக்னீஷியன் தம்பியோடு அவிநாசி ரோட்டில் 70 தொட்டதும் அவரே ஏசி, பாட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் காதைக் கதவுப் பக்கம் சாய்த்தார். "வலது முன்பக்கம் சார்" என்றார், நான் ஒன்றும் சொல்வதற்கு முன்னாலேயே. லிப்டில் என்னையும் ஸ்பிரிங்கைத் தொட்டுப் பார்க்க விட்டார். அந்த மணல், அப்படியே.

பேரிங் வர 6 நாள் ஆனது, வாரண்டியிலேயே மாற்றினார்கள். பில்லில் வீல் அலைன்மெண்டுக்கு (சக்கரக் கோணம் சரிசெய்வதற்கு) மட்டும் 650 ரூபாய் போட்டிருந்தார்கள், கேட்டால் "அது வாரண்டியில் வராது" என்கிறார்கள். கட்டிவிட்டேன். புது பேரிங்குக்குத் தனியாக 2 வருடம் உண்டா?

முன்னாள் அட்வைசர்:
பெரும்பாலும் இல்லை, வண்டியின் வாரண்டி முடிகிற அன்றே அதற்கும் முடியும், உங்கள் புத்தகத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எக்ஸ்டெண்டட் வாரண்டி (பணம் கட்டி நீட்டிப்பது) எடுப்பதாக இருந்தால் இந்த 2 மாதத்துக்குள் எடுங்கள், ஆனால் பணம் கட்டும் முன் விலக்குப் பட்டியலில் வீல் பேரிங் இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த 650-க்கு அலைன்மெண்ட் ரிப்போர்ட் பிரிண்ட் கொடுத்தார்களா?

திருப்பூரான்:
இல்லையே. நாளைக்கே போய்க் கேட்கிறேன்.