ஜாப் ஒர்க் தையல் கூடத்துக்கு எந்தெந்த இன்சூரன்ஸ் அவசியம், செலவு எவ்வளவு?

கேள்வி (திருப்பூர்):
வாடகைக் கட்டடத்தில் எட்டுத் தொழிலாளர்களுடன் பனியன் தைக்கும் கூடம் நடத்தி வருகிறேன். பவர் டேபிள், ஓவர்லாக், பிளாட்லாக் இயந்திரங்களை இன்று புதிதாக வாங்கினால் சுமார் 12 லட்சம் ரூபாய் ஆகும். தைப்பதற்காகக் கம்பெனிகள் அனுப்பும் கட்டிங் துணி, ஆர்டர் மிகுந்த மாதங்களில் 15 லட்சம் ரூபாய் வரை கூடத்தில் தேங்கும். வங்கிக் கடனுக்காக 6 லட்சம் ரூபாய்க்குத் தீ விபத்துப் பாலிசி எடுக்கப்பட்டுள்ளது. இது போதுமா? பிரீமியத்தை எதை வைத்துக் கணக்கிடுகிறார்கள்?

பதில் 1:
போதாது. உங்கள் பாலிசி பெரும்பாலும் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷாவாக இருக்கும். ஓரிடத்தில் உள்ள சொத்தின் மதிப்பு 5 கோடி ரூபாய்க்கு மிகாத தொழில்களுக்காக 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பொதுவான பாலிசி அது. தீ, மின்னல், புயல், வெள்ளம், கலவரம் ஆகியவற்றால் நேரும் சேதம் அதில் அடங்கும். ஆனால் 12 லட்சம் மதிப்புள்ள இயந்திரங்களை 6 லட்சத்துக்குக் காட்டியிருந்தால், பாதி மதிப்புக்கே காப்பீடு என்பதால், 2 லட்சத்துக்குச் சேதம் நேர்ந்தாலும் அதில் பாதியான 1 லட்சம்தான் கணக்கில் வரும்; குறைவு 15 சதவீதத்துக்குள் இருந்தால் மட்டுமே இப்படிக் கழிக்க மாட்டார்கள். வங்கி பார்ப்பது தன் கடன் தொகையை. உங்கள் முழு மதிப்பைக் கணக்கிட வேண்டியவர் நீங்கள்தான்.

அதைவிட எனக்குக் கவலை தருவது கட்டிங் துணி. அது உங்கள் சொத்து அல்ல, பிறர் உங்களை நம்பி ஒப்படைத்த பொருள் என்பதால், அதைப் பாலிசியில் தனியே குறிப்பிட்டு, அதிகபட்சமாகத் தேங்கும் தொகைக்குக் காப்பீடு செய்யுங்கள். கம்பெனியின் பாலிசி உங்கள் கூடத்தில் இருக்கும் சரக்கையும் காக்கிறதா என்று முதலில் எழுத்தில் கேட்டுவிட்டால், ஒரே துணிக்கு இருவரும் பிரீமியம் கட்டுவதைத் தவிர்க்கலாம். டெலிவரி சலான்களை அன்றன்றே படமெடுத்துக் கூடத்துக்கு வெளியிலும் சேமித்து வையுங்கள். தீயில் பதிவேடும் சேர்ந்து எரிந்துவிட்டால், எத்தனை பீஸ் இருந்தது என்பதைச் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயரிடம் நிரூபிப்பது மிகக் கடினம்.

பதில் 2:
மேலே சொன்னதோடு இரண்டு விஷயங்கள். ஒரு மோட்டாரில் ஷார்ட் சர்க்யூட் ஏற்பட்டுத் தீ பரவினால், பரவிய தீயால் எரிந்தவற்றுக்கு இழப்பீடு உண்டு. கோளாறு தொடங்கிய அந்த மோட்டாருக்கு இல்லை. அதற்கு இயந்திரப் பழுதுக் காப்பீடு வேறு. விலை குறைந்த தையல் இயந்திரங்களுக்கு அது அவசியமில்லை என்பதே என் கருத்து. பூட்டை உடைத்துத் திருடினால் திருட்டுக் காப்பீடு தேவை, ஏனெனில் தீ விபத்துப் பாலிசியில் சேதத்தை ஒட்டி ஏழு நாட்களுக்குள் நடக்கும் திருட்டு மட்டுமே சேரும்.

பத்துப் பேருக்குக் குறைவாக இருப்பதால் உங்களுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) கட்டாயமாகாது. ஆகவே வேலையின்போது ஒருவருக்குக் காயமோ உயிரிழப்போ ஏற்பட்டால் இழப்பீட்டுப் பொறுப்பு நேரடியாக உங்கள்மேல் விழும். தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசியை ஒத்திப்போடாதீர்கள். அதன் பிரீமியம் ஆண்டுச் சம்பளத் தொகையையும் வேலையின் தன்மையையும் பொறுத்தது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. எல்லாவற்றையும் சேர்த்தால் செலவு தாங்குமா என்ற தயக்கம் இருக்கிறது.

பதில் 1:
காப்பீட்டுத் தொகை, தொழிலின் வகை, கட்டடத்தின் கூரை, முந்தைய கிளெய்ம்கள் (இழப்பீட்டுக் கோரிக்கைகள்) ஆகியவற்றைப் பொறுத்து நிறுவனத்துக்கு நிறுவனம் பிரீமியம் மாறும். ஆகவே ஒரே பட்டியலை மூன்று நிறுவனங்களிடம் கொடுத்து விலை கேளுங்கள். பிரீமியத்தின்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, நீங்கள் வழக்கமான முறையில் பதிவு செய்தவராக இருந்தால் நீங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். செலவைக் குறைத்தே ஆக வேண்டுமானால், ஒவ்வொரு கிளெய்மிலும் உங்கள் கைப்பணமாக ஏற்கும் தொகையைக் கூட்டிப் பிரீமியத்தைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். சரக்கின் மதிப்பை மட்டும் குறைத்து எழுதாதீர்கள். பின்னர் கிளெய்மில் தகராறு வந்தால், 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டுக்குக் குறுந்தொழில் நடத்துபவர்களும் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் அந்த மனு போய்ச் சேர வேண்டும்.