வரைபடத்தில் இல்லாத அந்துப்பூச்சி: உங்கள் அனுபவம் என்ன?

வெள்ளைத்திரை எழுதியது:

"இது உங்கள் பகுதியில் இருக்க வாய்ப்பில்லை" என்று அந்துப்பூச்சிப் பதிவுகளைத் தொகுப்பவர்களிடமிருந்து பதில் வந்தது. படம் அனுப்பியிருந்தேன், தேதி போட்டிருந்தேன், இடத்தையும் குறித்திருந்தேன். வாய்ப்பில்லாத அந்தப் பூச்சியோ படிக்கட்டு விளக்குக்குக் கீழே சுவரில் இறக்கைகளைத் தட்டையாக விரித்து உட்கார்ந்திருந்தது.

முத்து வெள்ளை நிறம், ஓரத்தைச் சுற்றி அகலமான பழுப்புக் கரை. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் அந்தக் கரையில் ஊதாவும் பொன்னும் மாறி மாறி மின்னின. முன்னிறக்கையின் மேல்விளிம்பில், பழுப்புக்குள்ளே, காற்புள்ளி போல ஒரு வெள்ளைக் குறி. அதை வைத்துத்தான் பெயர் பிடிபட்டது: சிடாலிமா பெர்ஸ்பெக்டாலிஸ். பாக்ஸ்வுட் என்ற வேலிச்செடியின் இலையைத் தின்று வளரும் இனம். சீனா, கொரியா, ஜப்பான் பகுதிகளைச் சேர்ந்தது. 2007இல் ஐரோப்பாவில், ஜெர்மனியில், கண்டுபிடிக்கப்பட்டு அங்கிருந்து நாலாபக்கமும் பரவியது. 2018இல் கனடாவின் டொரான்டோவில் தென்பட்டது. நான் இருக்கும் பகுதிக்கு அருகே மட்டும் அதற்கு ஒரு பதிவும் இல்லை.

"காற்று அடித்துக்கொண்டு வந்திருக்கும்" என்றார் உடன் பார்த்த நண்பர். எனக்கு அது ஒப்பவில்லை. தொலைவிலிருந்து பறந்து வந்த பூச்சி என்றால் செதில்கள் உதிர்ந்து நிறம் மங்கியிருக்கும், இறக்கை ஓரம் எங்காவது கிழிந்திருக்கும். இதன் ஓரத்து மயிர்வரிசை ஒரு இழைகூடக் குறையாமல் இருந்தது. கூட்டிலிருந்து வெளிவந்து அதிக நேரம் ஆகியிருக்காது. அப்படியானால் அது புழுவாக இருந்து தின்ற செடி பக்கத்திலேயே இருக்க வேண்டும். பூச்சியை விட்டுவிட்டுச் செடியைத் தேடக் கிளம்பினேன்.

அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. அடுத்த கட்டடத்தின் முன்னால் புதிதாக நட்ட பாக்ஸ்வுட் வேலி. வெளியே நின்று பார்த்தால் பச்சைப் பசேல். கிளையை விலக்கினால் உள்ளே நூலாம்படை, அதில் சிக்கிய பச்சை எச்சத் துகள்கள், விளிம்பும் நரம்பும் மட்டும் மிஞ்சிய இலைகள். நூலுக்குள்ளே கறுப்புத் தலையும் பச்சை உடலும் நீளவாக்கில் கறுப்புக் கோடுகளுமாகப் புழுக்கள் நெளிந்தன.

இந்தப் பூச்சி பயணம் செய்யும் விதமே தனி. இளம்புழு இரண்டு இலைகளை நூலால் சேர்த்து ஒட்டி, நடுவில் ஒடுங்கிக் குளிர்காலத்தைக் கழிக்கிறது. செடியை வாங்குகிறவர் கண்ணுக்கு இரண்டு இலைகள் ஒட்டிக்கொண்டிருப்பதாக மட்டுமே தெரியும். லாரியில் ஏறுவது செடிதான். புழு உள்ளேயே இருக்கிறது. 2014 குளிர்கால ஒலிம்பிக் போட்டிக்காக ரஷ்யாவின் சோச்சி நகரை அழகுபடுத்த இத்தாலியிலிருந்து கொண்டுவந்த செடிகளோடு இது அங்கே போய் இறங்கியது. சில ஆண்டுகளுக்குள் காக்கசஸ் மலைப்பகுதியின் பழமையான பாக்ஸ்வுட் காடுகள் மொட்டையாகிவிட்டன. ஒரு நகரத்துக்குப் போட்ட அலங்காரம், காட்டின் தலையில் விடிந்தது.

பயிர்ப் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்தேன். வந்து மாதிரி எடுத்துப் போனார்கள், வேலியை வெட்டி எரித்தார்கள். அந்தக் கட்டடத்துக்காரர்கள் இப்போது என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

மேல்தளம் எழுதியது:

செதிலைப் பார்த்து வெள்ளைத்திரை கணித்தது சரிதான், ஆனால் என் கதையில் அது எடுபடவில்லை. நான் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறேன். வட கடலில், செப்டம்பர் மாதத்து இரவு ஒன்றில், மேல்தளத்து விளக்கடியில் ஒரு பெரிய பூச்சி விழுந்து கிடந்தது. குனிந்து கையில் எடுத்ததும் கீச்சென்று கத்தியது. பூச்சி கத்துமா என்று என்னோடு இருந்தவர் இரண்டடி பின்னால் போய்விட்டார். முதுகில் மண்டையோடு வரைந்தது மாதிரியான மஞ்சள் அடையாளம். ஐரோப்பாவுக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் மத்தியதரைக் கடல் பக்கமிருந்தும் கோடையில் வலசை வரும் அக்கெரோன்டியா அட்ரோபோஸ். தொண்டைக்குள் காற்றை இழுத்து வெளியே தள்ளித்தான் அந்தச் சத்தத்தை எழுப்புகிறது. உறிஞ்சுகுழல் குட்டையாக, தடிமனாக இருக்கும்; தேனடையைத் துளைத்துத் தேன் திருடுவதற்கு வாகானது.

இறக்கையோ நைந்துபோயிருந்தது. நெடுந்தூரம் வந்த பூச்சிதான், சந்தேகமே இல்லை. பதிவு வைக்கிற ஒருவருக்குப் படத்தை அனுப்பினேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "உங்கள் கப்பல் எங்கிருந்து புறப்பட்டது?" தெற்கே ஒரு துறைமுகத்திலிருந்து என்று சொன்னதும் பேச்சு முடிந்தது. அங்கேயே ஏறி ஏதோ ஒரு மூலையில் ஒதுங்கி வந்ததா, பறந்து வந்து கப்பலில் இளைப்பாறியதா, யாராலும் சொல்ல முடியாது. ஐயத்துக்குரிய பதிவுகளோடு சேர்த்துவிட்டார். எனக்குக் கோபம்தான். யோசித்துப் பார்த்தால் அவர் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

இவற்றுக்குப் பறக்கத் தெரியாமலில்லை. 2022இல் வெளியான ஆய்வு ஒன்றில் இதே இனத்துப் பூச்சிகளின் மீது சிறு ரேடியோ கருவிகளை ஒட்டி, சிறு விமானத்தில் பின்னாலேயே போனார்கள். ஆல்ப்ஸ் மலை நோக்கி ஒரே இரவில் 80 கிலோமீட்டருக்கும் மேல் போன பூச்சி உண்டு. எதிர்க்காற்று வந்தால் தாழப் பறந்து வேகத்தைக் கூட்டி, பிடித்த திசையை விடாமல் போயிருக்கிறது. காற்றில் அடித்து வரப்பட்டது என்று எடுத்ததும் சொல்லிவிடுகிறோமே, அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

பழுப்புப்பிரியை எழுதியது:

வெள்ளையும் மண்டையோடும் வாய்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எனக்கு வாய்த்தது நகக்கண் அளவு பழுப்பு. அதைப் போலவே இருக்கும் உறவினங்கள் ஒரு டஜன். இறக்கையை எத்தனை கோணத்தில் படம் எடுத்தாலும் பயனில்லை. வயிற்றுப் பகுதியைத் தனியே எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் காய்ச்சி, பிறப்புறுப்பின் வடிவத்தை நுண்ணோக்கியில் பார்த்த பிறகே பெயர் சொன்னார்கள். பெயரோடு ஒரு வியப்புக்குறியும் வந்தது: இதுவரை தெரிந்த எல்லையிலிருந்து மிகவும் விலகிய இடம்!

ஆளாளுக்கு "புதிய வரவு" என்று வாழ்த்தினார்கள். எனக்கு அந்த வாழ்த்தே பிடிக்கவில்லை. அது வந்தது என்று யார் சொன்னார்கள்? இந்த இனம் எங்கெல்லாம் பதிவாகியிருக்கிறது என்று காட்டும் வரைபடத்தில் இருந்த புள்ளிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பெரும்பாலும் பல்கலைக்கழக வளாகம், ஆய்வு நிலையம், பூச்சி பார்ப்பவர் ஒருவரின் வீட்டுப் பின்புறம். புள்ளி எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் பூச்சியைக் கவர ஒரு புறஊதா விளக்கும் ஒரு வெள்ளைத் துணியும் இருந்திருக்கின்றன. நடுவில் காலியாகக் கிடக்கும் பரப்பில் பூச்சி இல்லை என்றல்ல, விளக்கு இல்லை என்றுதான் பொருள். எந்த இனம் எங்கே வாழ்கிறது என்பது தெரியாத இந்த அறியாமைக்கு, உயிரினப் பரவலை ஆராய்ந்த இயற்கையியலாளர் வாலஸின் பெயரில் ஒரு கலைச்சொல்லே உண்டு: வாலசியக் குறைபாடு.

மக்காச்சோளப் படைப்புழுவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அமெரிக்கக் கண்டங்களின் பூச்சி. 2016இல் ஆப்பிரிக்காவில், 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்கா பகுதியில். இப்படி ஆண்டும் மாதமும் சொல்ல முடிகிறதென்றால் காரணம், மக்காச்சோளக் குருத்தை நாள்தோறும் விரித்துப் பார்க்கிறவர்கள் ஏராளம். புழுவின் தலையில் தலைகீழான 'ஒய்' குறி, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள் என்று விவசாயிகளே அடையாளம் சொல்கிறார்கள். புல்லைத் தின்னும் என் பழுப்புக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?

ஐயத்தைத் தீர்த்தது ஓர் அருங்காட்சியக இழுப்பறை. "இனம் தெரியவில்லை" என்ற சீட்டின் கீழ், நான் பிறப்பதற்கு முன்பே யாரோ பிடித்துக் குத்தி வைத்த ஒன்று. பிடித்த இடம் என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். அதையும் அறுத்துப் பார்த்தார்கள். அதே இனம்.

மேல்தளம் அவர்களே, அடுத்த முறை செத்துக் கிடக்கும் பூச்சி கிடைத்தால் பிளாஸ்டிக் டப்பாவில் போட வேண்டாம், பூஞ்சை பிடித்துவிடும். காகிதத்தை முக்கோணமாக மடித்து உள்ளே வையுங்கள். மேலே தேதி, அட்சரேகை, தீர்க்கரேகை, எந்த விளக்கு என்பதை எழுதுங்கள். உங்கள் விஷயத்தில் கப்பல் கடைசியாக நின்ற துறைமுகத்தின் பெயரையும் சேர்த்து. பென்சிலால் எழுதினால் நல்லது. மை ஈரத்தில் கரைந்துவிடும்.