புதுப்பிப்பு: பேருந்து நிறுத்தத்தில் மாணவிகளுக்குத் தொல்லை

எங்கள் நிறுத்தத்தில் பள்ளி மாணவிகளைச் சிலர் கேலி செய்து பின்தொடர்வது பற்றி முன்பு எழுதியிருந்தேன். தெருப் பெண்கள் சேர்ந்து காவல் நிலையத்தில் மனு கொடுத்தோம். "பிள்ளைகளை வேறு வழியாக அனுப்புங்கம்மா" என்றார்கள். நல்ல யோசனைதான், வம்பு பண்ணுகிறவனுக்கு!

அப்புறம் வக்கீல் அக்கா ஒருவர் 2012 நவம்பர் 30 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எடுத்துக் கொடுத்தார். தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான் அது. பேருந்து நிலையங்களில் சாதாரண உடையில் பெண் போலீஸ் வேண்டும். ஓடும் பேருந்தில் தொல்லை என்று பெண் முறையிட்டால், வண்டியையே பக்கத்துக் காவல் நிலையத்துக்கு விட வேண்டும். இரண்டும் அதில் இருக்கின்றன.

நகலோடு மறுபடி போனோம். உடனே சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான காவல் நிலைய ரசீது) போட்டுக் கொடுத்தார்கள். மாலையில் ரோந்தும் வருகிறது. ஆனால் நாங்கள் பேசிய நடத்துநர்கள் பலருக்கு இந்த விதியே தெரியவில்லை. டிப்போவில் அச்சடித்து ஒட்ட அனுமதி கேட்டிருக்கிறோம். பதில் வந்ததும் எழுதுகிறேன்.