மழை பொய்த்தால் மான்கொம்பு சிறுக்குமா?

பனங்காட்டான்:
தெற்கு டெக்சாஸில் இருக்கும் என் மச்சான் டிசம்பரில் வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போக இருந்தார். அங்கே கடும் வறட்சி, கொம்பு சிறுத்திருக்கும், நிலக்காரருக்குக் கட்டும் காசு வீண் என்று இப்போது பின்வாங்குகிறார். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. வருடா வருடம் விழுந்து முளைக்கிற எலும்பு அது. தீனி இல்லாமல் எங்கிருந்து வளரும்?

குளக்கட்டு:
போகச் சொல்லுங்கோ அண்ணை. முதல் கணக்கு வயதுதான். எவ்வளவு மழை பெய்தாலும் ஒன்றரை வயதுக் குட்டனுக்கு ஆறு வயதுக் கிழவனின் கொம்பு வராது. கால்சியம் போதாவிட்டால் விலா எலும்பில் கடன் வாங்கியாவது வளர்த்துவிடும்.

பனங்காட்டான்:
புரதத்தையும் விலா எலும்பா கொடுக்கும், தம்பி? செடி கருகினால் மிஞ்சுவது வெறும் நார்.

கொக்குவிலான்:
இருவரும் மழையை மொத்தமாகப் பேசுகிறீர்கள். எப்போது பெய்தது என்பதல்லவா கேள்வி? அங்கே கொம்பு முளைப்பது வசந்தத்தில். செப்டெம்பர் அளவில் முற்றிப்போய், மேல்தோலை மரத்தில் உரசிக் கழற்றிவிடும். அதற்குப் பிறகு வெள்ளமே வந்தாலும் ஒரு அங்குலம் கூடாது. எங்கள் பழைய வீட்டில் தொங்கும் மரைக்கொம்பைத் தடவினால் நீள நீளமாக வரிகள் தட்டுப்படும். வளரும்போது இரத்தக் குழாய்கள் கிடந்த தடம் அது. குழாய் காய்ந்தால் வளர்ச்சி முடிந்தது. மாசி, பங்குனியில் ஈரம் இருந்ததா என்று மச்சானைக் கேளுங்கள்.

குளக்கட்டு:
அதோடு, வறட்சியில்தான் மான் கண்ணில் படும். தண்ணீருக்கும் வேட்டைக்காரர் சோளம் கொட்டும் இடத்துக்கும் வந்தே தீரும். நல்ல மழை வருடத்தில் கொம்பு பெருக்கும், ஆனால் காடெல்லாம் தீனி, பிறகு ஏன் வெளியே வரப்போகிறது?

வன்னியன்:
அப்ப நாங்களும் கோடையில் குளத்தோரம் இருந்தால் சரி 😄

கொக்குவிலான்:
மறியலில் இருக்கத்தான் சரி. இங்கே இலங்கையில் மானும் மரையும் சுடுவது குற்றம். அதோடு புள்ளிமானுக்கு அந்த மாதக் கணக்கும் பொருந்தாது; ஒரே கூட்டத்தில் ஒன்று முற்றிய கொம்போடு நிற்கும், மற்றது அப்போதுதான் முளைவிடும்.

பனங்காட்டான்:
வசந்த மழையை விசாரிக்கிறேன். ஆனால் போனாலும் இளசுகளை விட்டுவிட்டுப் பெட்டைகளைச் சுடட்டும், வாய் குறைந்தால் மிஞ்சுகிறவைக்குத் தீனி கிடைக்கும்.

குளக்கட்டு:
பெட்டை சுடவா அவ்வளவு காசு கட்டுகிறார்?

பனங்காட்டான்:
அதுதான், காசைக் குறைக்கச் சொல்லிக் கேட்கட்டும் என்கிறேன்.