இடுப்பில் கயிறு கட்டிப் பழக்கிய அங்கிள்

பணமில்லாத குழுவை ஒரு பயிற்சியாளர் தூக்கி நிறுத்தியதை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள் என்று இந்தப் பக்கத்தில் கேட்டதும் எனக்கு ஒரு நைலான் கயிறுதான் நினைவுக்கு வந்தது.

கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் ஆடிய காற்பந்துக் குழுவிடம் மூன்று பந்தும் ஒரு செட் ஜெர்சியும்தான் இருந்தன. பயிற்சி கொடுத்தவர் ரயில்வே பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். முதல் நாள் மாலை தற்காப்பு ஆட்டக்காரர்கள் நால்வரையும் பத்துத் தப்படி இடைவெளியில் வரிசையாக நிற்க வைத்து, ஒரே கயிற்றை எல்லார் இடுப்பிலும் சுற்றினார். பந்து இடது பக்கம் போனால் நால்வரும் இடது பக்கம் நகர வேண்டும். ஒருவன் அசந்து நின்றால் கயிறு இழுக்கும், பக்கத்தில் இருப்பவன் தடுமாறுவான். நான் வலது ஓரத்தில். இரண்டு வாரம் பந்தையே தொடவிடவில்லை. கோபம் கோபமாக வந்தது.

மூன்றாவது வாரம் கயிற்றை அவிழ்த்தார். கயிறு இல்லாமலே இடைவெளி அப்படியே நின்றது. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சிலிர்ப்பை இன்னும் மறக்கவில்லை.

“பந்து அவன்கிட்டயே இருக்கட்டும் தம்பி. நடுவுல மட்டும் வரவிடாதே, ஓரத்துக்குத் தள்ளு. அங்க கோடும் நம்ம ஆளுதான்” என்பார். ஓரத்திலிருந்து வரும் பந்து உயரமாகத்தான் வரும், அதைத் தலையால் முட்டித் தள்ள எங்களிடம் இரண்டு நெட்டையர்கள் இருந்தார்கள். எதிராளி எப்போது முதுகைக் காட்டிப் பந்தை வாங்குகிறானோ, அப்போது மட்டும் எல்லாரும் சேர்ந்து பாய வேண்டும். மற்ற நேரமெல்லாம் பொறுமை. ஓடுவதற்கும் கணக்கு உண்டு என்று எனக்கு அவர்தான் புரிய வைத்தார். சம்பளம் கொடுத்து வெளியாட்களை இறக்கிய ஒரு குழுவை அந்த ஆண்டு ஒரு கார்னரில் கிடைத்த கோலில் 1-0 என்று வென்றோம். அடுத்த சுற்றில் பெனால்டியில் தோற்றோம், அது வேறு கதை.

2021 நவம்பர் 30, மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தை அங்கிள் வீட்டில்தான் பார்த்தேன். எதிரே ஜொகூர் டாருல் தாக்ஸிம். 2014 முதல் மலேசியாவின் முதல்நிலை லீக்கான சூப்பர் லீக்கை யாருக்கும் விட்டுக்கொடுக்காத, பணத்துக்குக் குறைவே இல்லாத குழு. நம் கோலாலம்பூரோ அந்த ஆண்டுதான் இரண்டாம் நிலை லீக்கிலிருந்து மேலே வந்திருந்தது. பயிற்சியாளர் குரோஷியாவின் போஜான் ஹோடாக், 2012இல் கிளந்தானுக்கு சூப்பர் லீக், எஃப்ஏ கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் வாங்கிக் கொடுத்தவர். “பந்தைப் பார்க்காதே, நம்ம ஆளுங்களுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியைப் பாரு” என்றார் அங்கிள். முதல் பாதி 0-0. 69ஆவது நிமிடம் நம் ஸாஃப்ரி யாஹ்யா ஒரு கோல், 75இல் பாவுலோ ஜோசுவே இன்னொன்று. 2-0! 1987, 88, 89 மூன்று ஆண்டும் கோலாலம்பூர் கெடாவை வென்று இதே கிண்ணத்தை எடுத்தபோது மெர்டேக்கா அரங்கில் உட்கார்ந்திருந்தவர் அங்கிள். 32 ஆண்டு கழித்து மறுபடியும் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்துபோய்த் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) போட்டுக் கொண்டு வந்தார். அவர் கண் கலங்கி இருந்தது.

— பட்டர்வொர்த்திலிருந்து:

அண்ணே, அதே 2021இல் உங்களோடு சேர்ந்து மேலே வந்தது எங்கள் பினாங்குதான். தோமாஸ் துருஹா என்ற செக் பயிற்சியாளர். வந்த முதல் ஆண்டே மூன்றாம் இடம்! 2001இல் லீக் வென்றதைப் பார்த்த என் அப்பா, போன ஜென்மத்துப் புண்ணியம் என்றார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு அதே பினாங்கு கடைசி இடத்துக்குப் போனது. நல்ல திட்டம் ஒரு சீசனைக் காப்பாற்றும். ஆட்டக்காரர்கள் களைத்துப் போனால் மாற்றி இறக்க ஆள் வேண்டாமா? பணமில்லாத குழு அங்கேதான் அடி வாங்குகிறது. உங்கள் கோலாலம்பூரும் 2022இல் ஆசியக் குழுக்கள் மோதும் ஏஎஃப்சி கிண்ண இறுதிவரை போய் புக்கிட் ஜாலில் அரங்கில் ஓமானின் அல் சீப்பிடம் 0-3 என்று தோற்றதே. இதை எழுதும்போதும் மனம் கனக்கிறது.

— பெட்டாலிங் ஜெயாவிலிருந்து:

பி. மணியம் பயிற்சி கொடுத்த எங்கள் ஊர்க் குழு பிஜே சிட்டியை யாரும் சொல்லவில்லையே. 2021 சூப்பர் லீக் முழுவதும் ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரர்கூட இல்லாமல் ஆடி, கீழே இறங்காமல் நின்றார்கள். மற்ற குழுக்கள் முன்வரிசைக்கு வெளிநாட்டுக்காரர்களை நம்பியிருந்த லீக் அது. என் பார்வையில் அந்த ஆண்டின் பெரிய சாதனை அதுதான். 2022 சீசனோடு குழுவே லீக்கிலிருந்து விலகிவிட்டது. அந்தப் பையன்களை நினைத்தால் இன்னும் வருத்தம்தான்.

அப்புறம் செந்தூல் அண்ணே, அந்தக் கயிறு எவ்வளவு நீளம்? எங்கள் தாமானில் (குடியிருப்பில்) பன்னிரண்டு வயதுப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்று பார்க்கிறேன்.

— செந்தூலிலிருந்து:

பெரியவர்களுக்கு முப்பது மீட்டர் வாங்கினால் போதும். பையன்களுக்கு ஆறு தப்படி இடைவெளி சரியாக இருக்கும், கயிறும் அதற்குத் தகுந்த மாதிரி குறையும். இடுப்பில் முடிச்சு மட்டும் போடாதீர்கள். அங்கிள் பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி அதில் கயிற்றைக் கோர்த்திருந்தார், யாராவது விழுந்தால் நழுவிக் கழன்றுவிடும். முதல் நாள் நடக்க மட்டும் சொல்லுங்கள், ஓட வேண்டாம்.