இருபதுக்குப் பதில் இருநூறை நீட்டுகிறான், எப்படிப் புரிய வைப்பது?

திண்டுக்கல் அம்மா:
என் பையனுக்கு 17 வயது, டவுன் சிண்ட்ரோம். 10, 50, 500 நோட்டுகளை நிறத்தை வைத்தே சொல்லிவிடுவான். 20-க்கும் 200-க்கும்தான் தகராறு, இரண்டும் மஞ்சள் சாயல். போன வாரம் கொத்தமல்லிக் கட்டுக்கு 200-ஐக் கொடுத்துவிட்டு, மீதி வாங்காமல் கட்டோடு வந்து நின்றான். மறுநாள் போய்க் கேட்டதும் கடைக்காரர் கொடுத்துவிட்டார். எல்லாரும் அப்படி இருப்பார்களா? ஒரு வருஷமாக விளையாட்டுக் காசை வைத்துக் கூட்டல் கழித்தல் சொல்லித் தருகிறேன். வீட்டில் சரியாகச் சொல்பவன் கடையில் முழிக்கிறான். தனியாகக் கடைக்குப் போக அவனுக்குக் கொள்ளை ஆசை.

சிறப்புப் பள்ளி டீச்சர்:
விளையாட்டுக் காசை முதலில் பரணில் போடுங்கள் அம்மா. நம் பிள்ளைகளுக்கு ஓரிடத்தில் படித்தது இன்னோரிடத்தில் தானாகக் கைகொடுக்காது. நிஜ நோட்டு, நிஜக் கடை, அதுவும் கூட்டமில்லாத மதிய நேரம். இப்போதைக்கு அவன் பர்ஸில் பத்து ரூபாய் நோட்டு மட்டும் இருக்கட்டும். கழித்தலும் வேண்டாம். விலை 34 என்றால் முன்னால் இருக்கும் 3-ஐப் பார்த்து மூன்று நோட்டு, அப்புறம் "மேலே ஒண்ணு". சரியாக 30 என்றாலும் நாலு கொடுக்கட்டும், ஒன்று திரும்பி வரும், அவ்வளவுதானே. மீதி எவ்வளவு என்று கணக்குப் போட வேண்டாம். கையை நீட்டி, வாங்கிக்கொண்டுதான் நகர வேண்டும் என்பது பழகினால் போதும்.

தம்பிக்காரன்:
அக்கா, என் அண்ணனுக்கும் இதே மஞ்சள் குழப்பம்தான். நோட்டைத் திருப்பிப் பார்க்கப் பழக்கினேன். 200-இல் சாஞ்சி ஸ்தூபி, அவனுக்கு அது "கவுத்த சட்டி". சட்டி இருந்தால் பெரிய காசு. 20 நோட்டு நீளத்திலும் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் குட்டை. போனில் யுபிஐ சர்க்கிள் வைத்திருக்கிறோம், அவன் ஸ்கேன் செய்தால் என்னிடம் கேட்கும், நான் பின் போட்டால்தான் பணம் போகும். ஆனாலும் அவனுக்கு நோட்டை எண்ணிக் கொடுப்பதில்தான் பெருமை.

திண்டுக்கல் அம்மா:
மூன்று வாரம் ஆயிற்று. நேற்று சோப்பும் பிஸ்கட்டும் 46 ரூபாய். நாலு நோட்டை ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தான். பின்னால் ஒருவர் "சீக்கிரம் தம்பி" என்றார். இவன் நிமிரவே இல்லை. "மேலே ஒண்ணு" என்று உரக்கச் சொல்லி ஐந்தாவதை வைத்துக் கையை நீட்டினான். கடைக்காரர் நாலு ரூபாய்க்கு மிட்டாயைக் கொடுத்துவிட்டார்! இவனும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டான். இதற்கு என்ன பாடம் நடத்துவது டீச்சர்?